மூணாம் நம்பர் பிரஸ்ஸில் ஒரு வலது கை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, புதுவாயல் கூட்டுரோட்டுக்கு வடக்கே இருந்த எண்ணெய் டின் கம்பெனியில், மூணாம் நம்பர் பிரஸ் தேசப்பனின் வலது கையை மணிக்கட்டோடு துண்டித்தது. கை தரையில் விழுந்து ஒருமுறை புரண்டது. பிறகு எழுந்து மெஷின் மேல் ஏறி, பாதியில் நின்ற தகட்டைச் சரியாக நகர்த்தி வைத்து, ஷிப்ட் முடியும்வரை வேலை பார்த்தது. தேசப்பனைத் துணியில் சுற்றி லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களுக்கு இது தெரியாது. திரும்பி வந்தபோதுதான் பார்த்தார்கள். இரண்டு பேர் வேலையே வேண்டாமென்று ஊருக்கு ஓடினார்கள். ஃபோர்மேன் துளசிராமன் மட்டும் ஓடவில்லை. அவர் கற்பூரம் கொளுத்தி மெஷினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அன்றைக்கு அடிக்க வேண்டிய மூடிகள் ஒன்றும் குறையவில்லை என்று ஆபீஸ் அறைக்குப் போய்ச் சொன்னார்.

தேசப்பன் கம்பெனிக்குப் பிறந்தவன் இல்லை. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்துக்காரன். அங்கே யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாட்டில் பேர் இருப்பவன் தன் முறையை விட்டுவிட்டு வெளியே கூலிக்குப் போவது குப்பத்தில் கேவலம். தேசப்பன் போனான். கூலிக்காக இல்லை, அந்த வருஷம் ஏரியில் இறால் நன்றாகவே பட்டது. அவன் பெண்சாதி செல்லியம்மாள் இரண்டு வருஷமாக இருமிக்கொண்டிருந்தாள், சளியில் ரத்தம் வந்தது. கம்பெனியில் சேர்ந்தால் இன்சூரன்ஸ் கார்டு கொடுப்பார்கள், கார்டு இருந்தால் திருவள்ளூரில் தொழிலாளர் ஆஸ்பத்திரியில் படுக்கை, தினம் ஊசி, பால், முட்டை எல்லாம் உண்டு, வியாதி தீரும்வரை யாரும் எழுப்பிவிட மாட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். பொய் இல்லை, உண்மைதான். இரண்டு பேரும் பொன்னேரிக்குப் போய் ஸ்டூடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். செல்லியம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், தேசப்பன் நின்றபடி வலது கையை அவள் தோளில் வைத்திருந்தான். அந்தப் படத்தைத்தான் கார்டில் ஒட்டினார்கள். அவர்கள் வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அது.

கையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. அது நல்ல கை. ஷிப்ட் சங்கு ஊதும் முன்னே பிரஸ்ஸில் ஏறிவிடும், டீ குடிக்கப் போகாது, சங்கத்தில் சேராது, முதலாளிக்கு வேறென்ன வேண்டும்! கரெண்ட் போனால் உள்ளங்கை மேலே பார்க்கப் படுத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் குழாயடிக்கு வரும். ஒரு கை தன்னைத் தானே தேய்த்துக் கழுவ முடியாது என்பதால், பக்கத்தில் இருப்பவன் எவனாவது சோப்புப் போட்டு விடுவான். ஆயுத பூஜைக்கு மற்ற மெஷின்களோடு அதற்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். மாதம் இரண்டு ஆவதற்குள் புதிதாக வேலைக்கு வந்தவர்கள்கூட அதைத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. அன்றைக்குக் கை கூட்டுரோட்டுக்கு வந்து பெரியபாளையம் பஸ்ஸில் ஏறி, அங்கே மாறி, திருவள்ளூரில் இறங்கி, பார்வையாளர் நேரமான நாலு மணிக்கு, செல்லியம்மாள் படுத்திருந்த பெண்கள் வார்டுக்குப் போய்விடும். கண்டக்டர்கள் டிக்கெட் கேட்டதில்லை. ஆடி மாதத்தில் அம்மன் கோயிலுக்குப் போகிற பொம்பளைகள் அதன் விரலிடுக்கில் வேப்பிலை செருகி அனுப்புவார்கள்.

வார்டில் அது செய்தது ஒரே வேலை. செல்லியம்மாள் ஒருக்களித்துப் படுத்திருப்பாள், கை அவள் முதுகில் ஏறி, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், இருமல் கட்டி நிற்கிற இடத்தை மேலும் கீழும் தடவும். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படித் தடவித் தடவி அதற்கு அந்த இடம் பழக்கம். வாரம் முழுக்கத் தூங்காதவள் அந்த இரண்டு மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்குவாள். தேசப்பன் கால்மாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். நடுவாரத்தில் ஒருநாள் அவன் இடது கையால் தடவிப் பார்த்தான். அவள் சிரித்துவிட்டாள். "உடு மாமா, அது சும்மா தட்டுது. அதுக்கு இன்னா தெரியும்? ஞாயித்துக்கெயம பெரியவரு வருவாரு, பாத்துக்கலாம்" என்றாள். தன் கையின் மேல் தனக்கே பொறாமை வந்தது என்று தேசப்பன் பிற்காலத்தில் ஒளிக்காமல் சொல்வான்.

கட்டு பிரித்ததும் தேசப்பன் ஊனமுற்றோர் உதவிக்கு மனு போட்டான். அது மஞ்சூரானால் மாதாமாதம் பணம் வரும் என்பதைவிட, கார்டு ஆயுசுக்கும் செல்லும், செல்லியம்மாளின் படுக்கையும் நிற்கும் என்பதுதான் அவனுக்குப் பெரிசு. திருவள்ளூர் இன்சூரன்ஸ் ஆபீஸில் வீரராகவன் என்று ஒரு குமாஸ்தா. கெட்ட மனுஷன் இல்லை. மூக்குப்பொடி போடுவார், ஏழைபாழைகளுக்கு மனுவைத் தானே எழுதிக் கொடுப்பார். அவர் தேசப்பனை உட்காரவைத்துப் படித்துப் படித்துச் சொன்னார். "மூணு டாக்டருங்க ஒக்காந்துக்கினு கேப்பாங்க. கை போச்சான்னு கேட்டா, போச்சு சார்னு ஒரு வார்த்த சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன்."

அந்த ஒரு வார்த்தையைத்தான் அவன் சொல்லவில்லை. வேறு ஊர்க்காரனாக இருந்தால் சொல்லியிருப்பான், சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பான். ஏரிக்காரனால் முடியாது. காற்றில் வலை அறுத்துக்கொண்டு போய்விட்டால் குப்பத்தில் யாரும் 'போச்சு' என்று சொல்ல மாட்டார்கள். கேட்டால், "தண்ணியில கீது" என்பார்கள். மாசக்கணக்கில் ஆனாலும் அப்படித்தான் சொல்வார்கள், அதுவரை அந்த வலை எங்கே ஒதுங்கினாலும் எவனும் தொட மாட்டான். இனி ஆகாது என்று மனம் விட்டுப்போனவன், நாலு பேர் கேட்க 'போச்சு' என்று வாய்விட்டுச் சொல்வான். சொன்ன நிமிஷத்திலிருந்து அது கண்டெடுத்தவன் சொத்து. அப்புறம் அதே வலை சொன்னவன் காலிலேயே வந்து சுற்றினாலும் அவன் உதறிவிட்டு நடக்க வேண்டும். தேசப்பனுக்கு இது அம்மா பால் கொடுத்த நாளிலிருந்து தெரியும். டாக்டர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், வீரராகவன் ஓரத்தில் நிற்கிறார், நாலு பேர் ஆகிவிட்டது. போச்சு என்று சொன்னால் கை கம்பெனிக்காரனுடையது. பிறகு ஞாயிற்றுக்கிழமை அவள் முதுகை எவன் தடவுவான்?

"போகல சார். கம்பெனியில கீது. நல்லா வேல செஞ்சிக்கினு கீது" என்றான். வீரராகவன் தலையில் அடித்துக்கொண்டார். டாக்டர்கள் நேர்மையானவர்கள், ஜீப் எடுத்துக்கொண்டு புதுவாயலுக்கு வந்து பார்த்தார்கள். மூணாம் நம்பர் பிரஸ்ஸில் கை ஓடியாடி வேலை செய்வதைக் கண்டார்கள். ஒருவர் அதன் நாடியைப் பிடித்துப் பார்த்தார், இன்னொருவர் கைகுலுக்கினார். கை நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பதாகவும், தினமும் வேலைக்குப் போவதாகவும், ஆகவே சம்பாதிக்கும் சக்தியில் இழப்பு ஏதும் இல்லை என்றும் எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் எழுதியதில் ஒரு சொல்கூடத் தப்பு என்று சொல்ல முடியாது, அதுதான் வயிற்றெரிச்சல்.

சரி, கை வேலைதானே செய்கிறது, அப்படியானால் நான் வேலையில் இருக்கிறேன் என்றுதானே அர்த்தம், சந்தா கட்டுங்கள், கார்டு ஓடட்டும் என்று தேசப்பன் கம்பெனிக்குப் போனான். முதலாளி அதற்கும் நியாயம் வைத்திருந்தார். கம்பெனியில் பேர் இருப்பது தேசப்பனுக்கு. தேசப்பன் கேட்டுக்குள் வந்து பல மாதம் ஆகிறது. வராதவனுக்கு எப்படிச் சம்பளம் போடுவது, சந்தா கட்டுவது? நான் வந்து பக்கத்தில் நிற்கிறேன் என்றான் அவன். நின்று என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார்கள். அப்போ கைக்காவது கொடுங்க என்றான். கைக்குப் பேரில்லை, பேரில்லாததைச் சேர்க்க முடியாது, அது பிரஸ்ஸோடு சேர்ந்தது என்றார்கள். ஆக, இன்சூரன்ஸ் ஆபீஸ் கணக்கில் அவன் வேலை செய்துகொண்டிருந்தான், கம்பெனி கணக்கில் வேலைக்கு வராமல் நின்றுவிட்டான். இரண்டு இடத்திலும் கதவைத் திறந்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகத்தான் சொன்னார்கள். துளசிராமன் கேட்வரைக்கும் கூடவே வந்து, "இன்னா பேஜாருப்பா இது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரால் ஆனது அவ்வளவுதான்.

எழுபத்துமூன்று ஆனி மாதத்தோடு கார்டு செத்தது. ஆஸ்பத்திரியில் செல்லியம்மாளின் துணிமணியை மூட்டை கட்டிக் கொடுத்து, ஊசியை நடுவில் நிறுத்தினால் வியாதி முன்னைவிட மோசமாகத் திரும்பும் என்று எச்சரித்து, அனுப்பிவைத்தார்கள். நிறுத்தியவர்கள் எச்சரித்தபடியே நடந்தது. குப்பத்துக் குடிசையில் அவள் சுவரோரம் பாய் போட்டுப் படுத்தாள். கை வழியை மாற்றிக்கொண்டது. ஞாயிறுகளில் பொன்னேரி பஸ் பிடித்து, பழவேற்காட்டில் இறங்கி, மணலில் ஊர்ந்து, நாலு மணிக்குத் தவறாமல் வந்துவிடும். குப்பத்து நாய்கள் முதல் வாரம் குரைத்தன, அடுத்த வாரம் விட்டுவிட்டன. ஆனால் தடவத் தடவ அடங்குகிற இருமலாக அது இப்போது இல்லை. புரட்டாசியில் அவள் எலும்பும் தோலுமாகிவிட்டாள்.

ஒருநாள் அவளே பேச்செடுத்தாள். "மாமா, போச்சுன்னு சொல்லிட்டு வந்துரு."

"கை வராதுமே அப்பறம்."

"வரலன்னா போவுது. ஊசி இல்லன்னா முதுவு இருக்குமா, சொல்லு? முதுவே இல்லாம கைய வெச்சிக்கினு இன்னா பண்ணுவ?" என்று கேட்டுவிட்டு இருமினாள். இருமி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. முடித்தபின், "எனுக்கு சாவப் பயமா கீது மாமா" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை.

தேசப்பன் குப்பத்துத் தலைவர் செங்கல்வராயனிடம் போனான். வாயால் மட்டும் சொல்லிவிட்டு மனசால் சொல்லாமல் இருக்க வழி உண்டா என்று கேட்டான். "அப்பிடிச் சொல்லலாம்னா ஊர்ல ஒரு வலையும் மிஞ்சாது நைனா" என்றார் அவர். வேறு வழியில்லாமல் தேசப்பன் மறுபடி மனுப் போட்டு, ஐப்பசியில் அதே மூன்று டாக்டர்கள் முன்னால் நின்று, "கை போச்சு சார்" என்றான். சொல்லும்போது அழுதான். அழுததை அவர்கள் குறித்துக்கொண்டார்கள், அது அவனுக்குச் சாதகமாகவே இருந்தது. இந்த முறை ஜீப் எடுக்கவில்லை. மஞ்சூர் ஆகிவிடும், ஆர்டர் வரக் கொஞ்ச நாள் ஆகும் என்று வீரராகவன் அவன் முதுகில் தட்டி அனுப்பினார். அன்றைக்கு அதே வேளையில் மூணாம் நம்பர் பிரஸ்ஸில் கை ஒரு கணம் நின்றுவிட்டு மறுபடி ஓடியதாகத் துளசிராமன் சொன்னார். கரெண்ட் ஏறி இறங்கியும் இருக்கலாம்.

அந்த ஞாயிறு கை வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. கம்பெனி காம்பவுண்டுக்குள் குழாயடியில் அது சும்மா வெயிலில் கிடந்ததைக் காவல்காரன் பார்த்திருக்கிறான். செல்லியம்மாள் நாலு மணி ஆனால் வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்துக்கொள்வாள். வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தும் படுப்பாள். தேசப்பன் இடது கையால் தடவுவான், அவளும் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வாள். ஆர்டர் மெட்ராஸுக்குப் போயிற்று, மெட்ராஸிலிருந்து ஒரு விளக்கம் கேட்டு வந்தது, விளக்கம் போயிற்று. மார்கழி மாதம் ஒரு திங்கட்கிழமை விடிகாலை செல்லியம்மாள் செத்துப்போனாள்.

வாய்க்கரிசியை வலது கையால் போட வேண்டும். இடது கையால் போட்டால் போகிறவளுக்கு வழிச்சோறு இல்லாமல் போகும் என்பது குப்பத்து நம்பிக்கை. பிணத்தை வைத்துவிட்டு தேசப்பன் பஸ் பிடித்துக் கம்பெனிக்குப் போனான். துளசிராமன் முதலாளியைக் கேட்காமலேயே பிரஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். தேசப்பன் மெஷின் பக்கத்தில் போய் நின்று, "செல்லி பூட்டா. ஒரு பிடி அரிசி போட்டுட்டு வந்துரலாம், வா" என்றான். கை அடுத்த தகட்டுக்காக விரலை விரித்து வைத்துக்கொண்டிருந்தது. அவன் பக்கம் அது திரும்பவே இல்லை. தொட்டுத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் அது அவன் பொருள் இல்லை, அவனே சொன்னது. வெறுங்கையோடு திரும்பி வந்து இடது கையால் அரிசி போட்டான். குப்பத்து ஜனம் மொத்தமும் ஏரிப்பக்கம் திரும்பி நின்றுகொண்டது.

தை மாதம் ஆர்டர் வந்தது, புதுக் கார்டும் வந்தது. தேசப்பனுக்கும் அவன் மனைவி செல்லியம்மாளுக்கும் ஆயுசு பூராவும் வைத்தியம் என்று அதில் இருந்தது, பழைய போட்டோவையே எடுத்து ஒட்டியிருந்தார்கள். அவன் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை, படத்துக்காக வைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் அவள் படுக்கையும் திரும்ப வந்தது. கார்டு செல்லும்வரை அந்தப் படுக்கை அவளுடையது என்பதால் ராத்திரியில் அதில் ஆள் படுத்தால் மெத்தை உதறிக் கீழே தள்ளியது. நர்சுகள் தினமும் விரிப்பு மாற்றி, பால் வைத்து, எடுத்துக் கொட்டினார்கள். வருஷத்துக்கு ஒருமுறை தேசப்பன் திருவள்ளூருக்குப் போய், கை திரும்ப முளைக்கவில்லை என்று டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கி வருவான். குப்பத்தில் அவனை மறுபடி வலைப் பாட்டில் சேர்த்துக்கொண்டார்கள், ஒற்றைக் கையால் இழுக்கிற கயிற்றுக்கும் முழுப் பங்கு கொடுத்தார்கள். அவன் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. ஞாயிறுகளில் நாலு மணிக்கு எங்கே இருந்தாலும் உட்கார்ந்துவிடுவான்.

எழுபத்தொன்பதில் டின் கம்பெனி நொடித்தது. எங்கும் பிளாஸ்டிக் டப்பா வந்துவிட்டது, தகர டின்னை யார் வாங்குகிறார்கள்! மெஷின்களை ஏலத்தில் விட்டார்கள். மூணாம் நம்பர் பிரஸ்ஸை எடுத்த அம்பத்தூர்க்காரர் கையைப் பார்த்துவிட்டு, என்னிடம் ஆள் இருக்கிறது, இது எதற்கு என்று கழித்துவிட்டார். துளசிராமன் சொல்லியனுப்பி தேசப்பன் வந்திருந்தான். நாலு பேர் கேட்க முதலாளியிடம், "ஐயா, இது உங்களுக்கு வேணுமா, வாணாமா? வாய்தொறந்து சொல்லுங்க" என்றான். அவர் கடன்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர், "அது போச்சுப்பா, எவனாவது எடுத்துக்கினு போங்க" என்றார். தேசப்பன் குனிந்து எடுத்து, துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான். கை தகட்டுத் தகடாகக் காய்த்துப் போயிருந்தது.

தொலைந்தது கிடைத்தால் அதையும் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் குப்பத்து முறை. மறுநாளே திருவள்ளூருக்குப் போய், "கை கெடச்சிடுச்சி சார்" என்றான். வீரராகவன் தலை நரைத்து, ரிட்டயராகும் தறுவாயில் இருந்தார். "ஏம்பா இத வந்து சொல்ற? யாரு கேட்டா ஒன்ன?" என்று கத்தினார். பிறகு வேறு வழியில்லாமல் உதவியை நிறுத்தி, கார்டை வாங்கிக்கொண்டார். படத்தை மட்டும் கிழித்துக் கொடுங்க என்று அவன் கெஞ்சினான். அவரும் பிளேடை எடுத்தார். ஆனால் பசை கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்ததால், கீறினால் அவள் முகம் கிழியும் என்று தெரிந்து அப்படியே வைத்துவிட்டார். கார்டு ரத்தான அன்று, ஆஸ்பத்திரிப் படுக்கையில் புதிதாக ஒரு பெண்ணைப் படுக்கவைத்தார்கள், மெத்தை ஒன்றும் செய்யவில்லை.

கை இப்போது குப்பத்தில்தான் இருக்கிறது. மணிக்கட்டில் வைத்துப் பார்த்தான், ஒட்டவில்லை. வலை பின்னக் கொடுத்தால் அதற்கு மறந்துவிட்டது. காலையில் எழுந்து இல்லாத தகட்டை நகர்த்தி, இல்லாத பிரஸ்ஸில் வைத்து எடுத்துக்கொண்டிருக்கும், சாயங்காலம் தேசப்பன் சோப்புப் போட்டுக் கழுவி விடுவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது வேலை செய்யாது. நாலு மணிக்குச் சுவரோரம் விரித்த பாய்க்குப் போய், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒருக்களித்துப் படுத்தவளின் முதுகு இருக்க வேண்டிய இடத்தில், மேலும் கீழும் தடவும். அவள் தூங்கிவிட்டாள் என்று அதற்குத் தோன்றுகிறபோது நிறுத்தும். அந்த இரண்டு மணி நேரம் குப்பத்தில் பிள்ளைகள் யாராவது கூச்சல் போட்டால், தூங்கறவள எழுப்பாதீங்கடா என்று பெரியவர்கள் அதட்டுவார்கள்.